காரைநாட்டின் பெயரைப் பெயர்த்த கை

மலைச்சுனை வற்றாதிருக்க! தினைப்புனம் விளைக! குளிர்சுரம் நீங்குக!

காரைமலைக்கு உரியவரும், அலைவாய் அரசின் பன்னிரு நாடுகளுள் வட எல்லை காப்பவரும், தம் குடிகளுக்குத் தாயாய் நிற்பவருமாகிய வேண்மாள் அவிரிழையார் திருமுன்பு, கோவேந்தர் பெருங்கண்டருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் அமைச்சுத் தொழில் செய்த சாத்தங்குமரன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. இதில் தன்னை 'நான்' என்று எழுத அவனுக்கு நாணமாயிருக்கிறது. ஆகையால் அயலான் ஒருவன் செய்த பிழையைச் சொல்வதுபோல் சொல்கிறான். பொறுத்துக் கேட்டருள்க.

வேந்தர் முடிசூடிய இருபதாம் ஆண்டு விழாவுக்கு, வேறெந்த அரசரும் உடுத்தியிராத உடையொன்று வேண்டும் என்று ஆணை பிறந்தது. மேற்கடல் கடந்துவந்த இசுரவேல் மக்கள் நம் துறைமுகச் சேரியில் வாழ்வதையும், அவர்களுள் முதியவரான இத்தாமார் அவர்களுடைய பழைய ஆசாரியர் மரபில் வந்தவர் என்பதையும் சாத்தங்குமரன் அறிந்திருந்தான். அவரை அழைப்பித்து, அவர்தம் முன்னோர் காலத்தில் தலைமை ஆசாரியர் உடுத்திய உடை எத்தன்மையது என்று வினவினான்.

அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. தோள்களில் இரண்டு கற்கள் இருக்கும் என்றும், கல்லுக்கு ஆறாகப் பன்னிரு குலங்களின் பெயர்கள் அவற்றில் வெட்டப்பட்டிருக்கும் என்றும் சொன்னார். மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு மணிகள்; மணிக்கு ஒரு குலத்தின் பெயர். தோளில் வைத்தது, அவர்களைச் சுமப்பது அவன் கடன் என்பதற்கு. நெஞ்சில் வைத்தது, அவர்களை மறவாமல் இறைவன்முன் கொண்டுசெல்வதற்கு. நீல அங்கியின் விளிம்பில் ஒலிக்கும் பொன்மணிகளும் மாதுளை வடிவங்களும் தொங்கும். திருமுன் செல்பவன் தன் வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையாமல், அவற்றின் ஓசை கேட்க, அச்சத்தோடு நுழைவான். குடிகளின் பிழைக்காக மன்றாடும் நாளில் மட்டும் பொன்னையும் மணியையும் களைந்துவிட்டு, வெள்ளைச் சணல்நூலாடையோடு உள்ளே போவான். இவ்வளவும் கூறி, இது உடுத்துபவனை உயர்த்துவதற்கு உண்டானதன்று, அவன் ஒருபோதும் தனியே உள்ளே போகாதிருப்பதற்கு உண்டானது என்று முடித்தார்.

சாத்தங்குமரன் தலையசைத்துக் கேட்டான். கேட்டதில் பொன்னையும் மணியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை வாயிலோடு அனுப்பிவிட்டான். நம் நாடுகளும் பன்னிரண்டாயிருந்தது அவனுக்குப் பெருமகிழ்ச்சி. பதக்கம் செய்யப்பட்டது. நாடுகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. வேந்தர் அதை அணிந்து தேரில் சென்றபோது, அவரவர் நாட்டு மணியைக் கண்டு குடிகள் கூவியதைத் தாங்களும் அன்று கண்டீர்.

அடுத்த ஆண்டு, விதைப்புக் காலத்தில் படைக்கு ஆள் அனுப்ப இயலாது என்று தாங்கள் விடுத்த ஓலை வந்தது. அதில் இருந்தது உண்மை. ஆனால் வேந்தர் சினந்து, காரைநாட்டு மணியைப் பெயர்த்தெறிக என்றார். பொற்கொல்லர் உளியைக் கீழே வைத்துவிட்டார். அவ்வுளியை எடுத்தவன் சாத்தங்குமரன். ஒரு சொல் சொல்லியிருந்தால் வேந்தர் கேட்டிருப்பார். இருபது ஆண்டு கேட்டவர்தாமே! அந்த ஒரு சொல்லை அவன் சொல்லவில்லை. மணி இரண்டே தட்டில் கழன்று வந்தது.

பின்பு தங்கள் மலையில் குளிர்சுரம் பரவி, மருத்துவரையும் அரிசியையும் கேட்டுத் தங்கள் ஆட்கள் வந்தபோது, பெயரில்லாத நாட்டுக்குப் படகில்லை என்று ஆற்றுத்துறையில் தடுத்தார்கள். அந்த ஆணையை எழுதியதும் இதே கைதான்.

அழையாமலே அவைக்கு வந்தவர் இத்தாமார் ஒருவரே. அவர்தம் குலங்கள் இறைவனுக்கு மாறாய்ப் பிழைத்ததும் உண்டு, தம்முள் போரிட்டதும் உண்டு. அதற்காக எக்குலத்தின் பெயரையும் நெஞ்சிலிருந்து பெயர்க்கும்படி தமக்குக் கற்பிக்கப்படவில்லை என்றும், பிழைத்த குலத்தின் பெயரே மற்றவற்றினும் முதலாய் உள்ளே போகவேண்டியது என்றும் அவர் முறையிட்டார். வேந்தர், அந்நாட்டின்மேல் அவ்வளவு அன்பிருந்தால் அங்கேயே போய்ச் சேர்க என்று கூறினார். முதியவர் வணங்கிப் புறப்பட்டார். வாயிலருகே நின்ற சாத்தங்குமரனை அவர் நிமிர்ந்து பார்த்தார், இவன் குனிந்துகொண்டான்.

ஒரு திங்களும் ஒன்பது நாளும் அவர் அங்கே நோயாளர்க்கு நீர் வார்த்ததையும், பிறகு அவரும் அந்நோயிலேயே மாண்டதையும் தங்கள் தூதன் வந்து சொன்னான். மாலைதோறும் மேற்றிசை நோக்கி நின்று, படுத்திருப்போர் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி அவர் வேண்டுவாராம். அவற்றுள் மலைநாட்டுக்கு உரியவல்லாத இரண்டு பெயர்களும் இருந்தனவாம்: பெருங்கண்டன், சாத்தங்குமரன். தூதன் இதைச் சொன்னதும் வேந்தர் எழுந்து உள்ளே போய்விட்டார்; மூன்று நாளாய் வெளியே வரவில்லை. மணி கருவூலத்தில் கிடக்கிறது. அதை மீட்டு அனுப்ப இவனுக்கு உரிமையில்லை. மீட்டாலும் மாண்டவர் மீளார்.

உரிமையுள்ளதாக இவன் எண்ணிய ஒன்றை இன்று செய்திருக்கிறான். எட்டுப் படகுகளில் அரிசியும் மருந்தும் மருத்துவர் பதினால்வரும் இன்று உச்சிப்பொழுதில் துறை கடந்தனர். இதற்கு வேந்தர் இசைவு பெறவில்லை. நாளை அவையில் இவனே சொல்வான். அதன்பின் வருவது வரட்டும்.

முதற் படகில் இத்தாமாரின் மகள் எமீமா வருகிறாள். அவள் வாயிலில் நின்று இவன் பிழை பொறுக்க வேண்டினான். அவள் பொறுத்தேன் என்றும் சொல்லவில்லை, பொறேன் என்றும் சொல்லவில்லை. இறுதியில் தன் தந்தை தனியே கிடந்தாரா, அருகில் யாரேனும் இருந்தார்களா என்று மட்டும் கேட்டாள். தூதனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஆகவே, இவ்வோலை கண்டவுடன் துறையைத் திறந்து படகுகளை ஏற்க. நோயாளர்க்குக் கஞ்சி வார்த்தபின், அப்பெண்ணை அருகில் இருத்தி, அவள் கேட்பதற்கு உள்ளது உள்ளபடி கூறியருள்க. இவனுக்கு மறுமொழி வேண்டா.

இது சாத்தங்குமரன் எழுத்து. இட்டது அவன் கைமோதிர முத்திரை. அரச இலச்சினை அன்று.