எழுந்து நின்ற வகுப்பு

அன்பு மச்சான்,

இறந்து மண்ணறையில் இருப்பவருக்கும் ஸலாம் உண்டு என்பதால் முதலில் என் ஸலாம்.

உங்களிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டால்தான் எனக்கு எழுத வருகிறது. ஆனால் இது பத்திரிகைக்குப் போகிற கடிதம். அச்சானால் உங்கள் தங்கை ரஹ்மத்தும் படிப்பாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சிதம்பரத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். இந்த வயதில் எதற்கு என்று வேறு யாரும் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொண்டேன். முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு கடலூரிலிருந்து சீக்கிரமே கிளம்பிப் போய் வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து, "வணக்கம் சார்" என்றார்கள்.

நானும் மாணவன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். நான் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். உண்மை தெரிந்த பிறகும் அந்த 'சார்' போகவில்லை. என் பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. எல்லாம் மரியாதைதான், மச்சான். மரியாதை ஒருவனை இவ்வளவு தனியாக்கிவிடுமா?

பிறகு தூக்கம் போனது. படித்த பக்கத்தையே திரும்பப் படித்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை. சில வாரங்களாக வகுப்புக்கே போகவில்லை. ரஹ்மத் கட்டித் தரும் டிபனோடு பஸ் ஏறி, சிதம்பரம் ரயில் நிலையத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன். "க்ளாஸ் எப்படிங்க?" என்பாள். "நல்லா இருந்துச்சி" என்பேன்.

சவூதியிலிருந்து திரும்பிய நீங்கள் கடைசி வருடம் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தீர்கள். கேட்டால், "ஒண்ணுமில்ல மாப்ள, அசதி" என்பீர்கள். சுகர் ஜாஸ்தி என்று நாங்களும் அதற்கே மருந்து வாங்கினோம். அது அசதிதானா, மச்சான்? போன வாரம் ரஹ்மத் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, என் வாயிலிருந்தும் அதே சொற்கள்தான் வந்தன. அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.

நேற்று ரயில் நிலையத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். மடியில் புத்தகப் பை.

"சார், நீங்க எந்த டிபார்ட்மெண்ட்டு புரொபசரு? தெனமும் இங்கயே இருக்கீங்களே?"

"நான் சார் இல்லம்மா. ஸ்டூடண்ட்டு. க்ளாஸுக்குப் போகப் பயந்துகிட்டு இங்க உக்காந்திருக்கேன்."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பு எழுந்து நின்றதையும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "நானும் ஸ்டூடண்ட்டுதான், குமராட்சிலேருந்து வரேன். பேரு மாலா. மொத நாளு ஒரு பொண்ணு, 'அக்கா, ரூமு கூட்டியாச்சா, உள்ள போலாமா?'ன்னு கேட்டுச்சி. உங்களுக்காச்சும் எழுந்து நின்னாங்க!"

நானும் சிரித்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நானும் இப்படித்தான் க்ளாஸுக்குப் போவாம இங்க கெடந்தேன். ஒரு நாளு ரயிலு வர சத்தம் கேக்கசொல்ல மனசு வேற மாரி போச்சி. பயந்துபோயி நேரா ஜி.எச்.ல மனநல டாக்டரப் பாத்தேன். இது நோவுதான், சரியாவும்னாரு. மாத்திரை சாப்புடறேன். இப்ப பாதி நாளு க்ளாஸுக்குப் போறேன். உங்க வூட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல வூட்ல சொல்லுங்க. அவுங்களையும் கூட்டிகிட்டுப் போங்க. தனியாப் போனா, புரொபசருன்னு நெனச்சி டாக்டரும் எழுந்து நின்னுடுவாரு."

இப்போது அஸர் தொழுதுவிட்டு எழுதுகிறேன். ரஹ்மத் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அழுதால் என்ன செய்வேன்? படிப்பே வேண்டாம் என்றால்? தெரியவில்லை. ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் அவளிடம் என் வாயால் சொல்வேன். அவளோடு டாக்டரிடமும் போவேன், இன்ஷா அல்லாஹ்.

எப்படித் தொடங்குவது என்று பல வாக்கியங்களை எழுதி எழுதி அடித்துவிட்டேன். மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: "ரஹ்மத், கொஞ்சம் உக்காரு." மீதியை அவள் உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

அவள் உள்ளே வருகிறாள், மச்சான்.

என்றும்
உங்கள் தங்கை மாப்பிள்ளை