எரிந்த மலையும் உன் மாமி வீடும்

அன்பு மகள் யதுஷாவுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து அம்மா எழுதுவது. அப்பாவின் பிரஷர் அடங்கியிருக்கிறது, என் முழங்கால் பழையபடிதான். கலிபோர்னியாவில் நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாயிருக்கப் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன். போனில் கதைத்தால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன், அப்பா படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

போன மாதம் வீட்டுக்குப் பின்னாலுள்ள மலை தீப்பிடித்தபோது பதினொரு நாள் மருமகனைப் பெற்ற உன் மாமி வீட்டில் இருந்தாய். மாமி வைத்த மீன் குழம்பு, மாமி பின்னிவிட்ட சின்னவளின் தலை என்று நாளுக்கு நாலு படம். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஏன் மறைக்கவேணும். நீ இப்ப அவவின்ர மகள் என்று சொன்னதும் நான்தான். இப்போது வெள்ளிக்கிழமை பெருமழையாம், நீயோ மாமி வீட்டுக்குப் போனால் அம்மா திரும்பவும் கோபிப்பா, இங்கேயே இருப்போம் என்று மருமகனிடம் சொன்னாயாம். என் வாய் செய்த வேலை.

இதைச் சொன்னது உன் மாமியேதான். நேற்று போன் எடுத்து அழுதார். யதுஷா என்ர சொல்லைக் கேக்கிறாளில்லை, நீங்கள் சொன்னாத்தான் கேப்பாள் என்றார். ஒரு நிமிடம் எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் அவர் விஷயத்தை விளக்கினார். வெள்ளமென்றால் வத்தளையில் களனி ஆறு ஏறுவது மாதிரி, சாமானை மேசையில் ஏற்றிவிட்டு ஆறுதலாக வெளிக்கிடலாம் என்றே நினைத்திருந்தேன். எரிந்த மண் தண்ணீரைக் குடிக்காதாம், அரை மணி நேர மழைக்கே சேறும் கல்லும் கருகிய மரமும் சேர்ந்து இறங்குமாம், கண்ட பிறகு ஓட நேரமிருக்காதாம். வீட்டைச் சுற்றி நீங்கள் அடுக்கிய மண்மூட்டை சின்னத் தண்ணீரைத் திருப்பும், பாறையை மறிக்காது. செடிகொடி திரும்ப வேர்பிடிக்க இரண்டு மூன்று வருஷம் செல்லுமாம், அதுவரைக்கும் மழை என்றால் இந்தப் பயம்தான்.

கூரைப் பீலியையும் தண்ணீர் ஓடும் கானையும் சருகில்லாமல் வழித்துவிடுங்கள். பாஸ்போர்ட், மருந்து, சின்னவளின் உடுப்பு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். எச்சரிக்கை வரும், போனைச் சத்தமில்லாமல் வைக்காதே. ஆனால் அது வரும்வரை காத்திராமல் வியாழன் மத்தியானமே வெளிக்கிடு. மாமி வீடு சமதரையில் இருக்கிறது, அங்கேயே போ. இரண்டு கிழமை நின்றாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொன்னாலும் காதில் போடாதே.

பிள்ளையார் உங்கள் மூவருக்கும் துணை நிற்பார். போய்ச் சேர்ந்ததும் முதலில் எனக்குப் போன் எடு. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று எனக்கு முன்னால் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றுதான் ஆசை. ஆனால் கதவைத் திறப்பது உன் மாமியாகத்தான் இருக்கும். திறக்கட்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
ராஜராஜேஸ்வரி