மான்கள் ஓடைக்கரையில் இருந்தன

ஜனவரி 19, ஞாயிறு.

மான் வேட்டை சீசன் முடிந்தது. மூன்று மாதமாக இருந்த பயம் இன்றுதான் தீர்ந்தது.

என் மளிகைக் கடைக் கிடங்கில் நனைந்து பூஞ்சை பிடித்த நாலு மூட்டைக் கொள்ளு. வீணாகப் போகிறதே என்று பிளானோ நகரிலிருந்து ஏற்றிப்போய் ஊருக்கு வெளியே காட்டோரம் இருக்கும் என் நிலத்தில் மான்களுக்குக் கொட்டிவிட்டு வந்தேன். பூஞ்சைத் தானியம் மானைக் கொல்லும் என்பது பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. அங்கே வேட்டைக்குப் போகும் என் கடைப் பையன் செந்தில் வாராவாரம், "அண்ணே, ஒரு மான்கூட கண்ல படலண்ணே" என்பான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. சுட்டுத் தின்பது வேறு, விஷம் வைப்பது வேறு.

இன்று இருவரும் போனோம். பக்கத்து நிலத்துக் கிழவர் மரத்தில் கட்டிவைத்த தன் கேமராவில் விழுந்த படங்களைக் காட்டினார். இந்த வருடம் அவர் ஓடைக்கரையில் ஓக் மரங்கள் கொட்டையாகக் கொட்டித் தீர்த்திருக்கின்றன. மான்கள் அதை விட்டு நகரவே இல்லை. போன வருடத்தைவிடக் குட்டிகள் அதிகமாம். என் கொள்ளு வாய்படாமல் மக்கிக் கிடந்தது.

திரும்பும்போது காரில் செந்திலிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு டெக்சாஸ் மானை டயட்ல போடப் பாத்தீங்களா?" அப்புறம் முகம் மாறியது. "இனிமே கெட்டுப்போனத குப்பையில போடுங்கண்ணே. மானுக்கு என்ன, ரிட்டர்ன் பாலிசியா இருக்கு?"

திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு நிம்மதியாக வண்டி ஓட்டியதில்லை. இதை எழுதும்போதே தூக்கத்தில் கண் சொருகுகிறது.