அக்காவும் என் டயட் சோடாவும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் தினம் பொழுது விடிவதற்குள் எனக்கு இத்தனை வீடியோ அனுப்ப உனக்குத் தெம்பு ஏது?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே! எடுத்த எடுப்பில் "அந்தச் சனியனை இன்னிக்கும் குடிச்சியா?" என்கிறாய். நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, பின்னாலிருந்து அத்தான் விடுங்களேன் என்று கெஞ்ச, யாராவது ஒருத்தி போனை வைத்துவிடுகிறாள். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தவளே நீதான். இன்று முழுதாகக் கேள்.

விஷயம் இதுதான். நான் டயட் சோடாவை விடமாட்டேன். நீ தலைகீழாக நின்றாலும் விடமாட்டேன்.

நீ அனுப்பியதையெல்லாம் பார்க்காமல் சொல்லவில்லை. ஒருவர் அது மூளையைத் தின்றுவிடும் என்கிறார். இன்னொருவர் எலும்பைக் கரைத்துவிடும் என்கிறார். வெள்ளைக் கோட்டு போட்ட மூன்றாமவர் குடல், இதயம், சிறுநீரகம் என்று உடம்பில் ஒரு பாகத்தையும் விட்டுவைக்காமல் பயமுறுத்திவிட்டு, கடைசியில் ஒரு பொடி டப்பாவை நீட்டி, இதை வாங்கிக் கலக்கிக் குடியுங்கள் என்கிறார். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று நீ அவரைக் கேட்டாயா? என் பாட்டிலை மட்டும்தான் உனக்குக் கேள்வி கேட்கத் தெரியும்.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளில் நான் எதையெல்லாம் விட்டேன் என்று உனக்குத் தெரியும். டீயில் சர்க்கரையை விட்டேன். ஐஸ்கிரீமை விட்டேன். ஊரே கூடிச் சாப்பிடும் கல்யாணத்தில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன். நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் தினமும் வாங்கிக் குடித்த இனிப்புச் சோடாவை விட்டுவிட்டு சர்க்கரை சேர்க்காத இந்த எலுமிச்சை டயட் சோடாவுக்கு மாறினேன். அப்போது டாக்டரம்மாவே அது பரவாயில்லை என்றார். நாக்குக்கு மிச்சமிருப்பது இது ஒன்றுதான், அதையும் பிடுங்கப் பார்க்கிறாயே. நீ விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற ரோலர் மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறாயா? ஆஸ்பத்திரி விரிப்பும் விடுதி விரிப்புமாக ஈரத்தோடு மலைபோல் வந்து குவியும். இந்தக் கோடியை நானும் அந்தக் கோடியை என்னோடு வேலை செய்கிற ஜோடியும் பிடித்து, விறைப்பாக இழுத்து, ஓரம் கோணாமல் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நான் "ம்" என்பேன், அவள் "ம்" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மதியம் பிளாஸ்க்கைத் திறந்து சில்லென்று நான்கு வாய் குடித்தால்தான் மறுபடி மனுஷியாவேன்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ எப்படியும் என் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாய், நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக உடம்பு அசதி. தாகம் தீரவே மாட்டேன் என்கிறது. கண்ணுக்கு முன்னால் ஏதோ ஆவி படிந்தது போல மங்கல். போன வாரம் விரிப்பின் ஓரம் எனக்குச் சரியாகத் தெரியாமல் கோணலாகக் கொடுத்துவிட்டேன். துணி உருளையில் சுற்றிக்கொண்டு மெஷினே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் கத்தவில்லை, அதுதான் எனக்கு அவமானம். "கண்ணு சரியாகிற வரைக்கும் மடிப்பு மேஜையில நில்லுங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். கம்பெனி டாக்டர் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் ரோலருக்குத் திரும்ப முடியும். அவர் முடியாது என்றுவிட்டால் கடைசி வரைக்கும் மடிப்பு மேஜைதான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உடனே எல்லாம் சோடாவால்தான் என்று குதிக்காதே. இத்தனை வருஷமாகக் குடிக்கிறேன், இப்போது மட்டும் என்ன வந்தது? சொல்லப்போனால் இப்போதெல்லாம் சோடா முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. கம்பெனிக்காரன் ஏதோ மாற்றியிருக்கிறான் போல. என் வீட்டுக்காரருக்கும் புதிதாகப் பொறுப்பு வந்திருக்கிறது. அவரே கடைக்குப் போய் வாங்கி வந்து, காலையில் பிளாஸ்க்கிலும் ஊற்றி வைத்துவிடுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத மனுஷன்!

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மெஷின் அலமாரியில் தூங்குகிறது. எழுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை, போதுமா?

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். வீடியோ அனுப்பாதே.

உன் சொல் பேச்சுக் கேளாத,
தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உட்கார்ந்து படி. அத்தான் பக்கத்தில் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை என் வேலைக் கோட்டுக்கு வீட்டில் இஸ்திரி போட்டேன். முதல் நாள் அதன் மடியில் சோடா சிந்தியிருந்தது. வழக்கமாகச் சிந்துவதுதான் என்று துவைக்காமல் காயவிட்டிருந்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்த துணியில் இஸ்திரிப் பெட்டி பட்டதும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை கிளம்பியது. அக்கா, சலவைக்கூடத்தில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். சர்க்கரை பட்ட துணி காய்ந்தால் ஒன்றும் தெரியாது, சூடு காட்டினால் தெரிந்துவிடும். டயட் சோடா அந்தக் கோட்டில் எத்தனையோ தடவை சிந்தியிருக்கிறது. ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை.

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தேன். பிறகு ஃபிரிட்ஜிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். சமையல் முடிப்பதற்குள் எறும்பு வரிசை கட்டிவிட்டது.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினேன். அவர் எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு திருட்டு முழி முழித்தார். அதற்கு மேல் அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. கடையில் சாதாரணச் சோடாவை, அந்த இனிப்புச் சோடாவை, வாங்கி வந்து, நான் குளிக்கும் நேரத்தில் டயட் சோடா பாட்டிலில் மாற்றி ஊற்றி வைத்திருக்கிறார். டயட்டில் இருப்பது ரசாயனம், விஷம் என்று நீ அவருக்குப் போன் செய்து சொன்னாயாம். நிறுத்தச் சொன்னால் நான் வீட்டை இரண்டாக்குவேனாம். சர்க்கரை என்றாலும் அது கரும்பிலிருந்து வருவதுதானே, விஷத்துக்கு அது மேல் என்று இவரே முடிவு கட்டிவிட்டாராம். சர்க்கரை நோய்க்காரிக்குச் சர்க்கரைத் தண்ணீர்! என்ன மூளை அக்கா இது! கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடும் அளவுக்குக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"போன்ல அக்கா அழுதாங்க. என்னால தாங்க முடியல."

எறும்புத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மறுநாளே இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். சர்க்கரை எங்கேயோ ஏறி உட்கார்ந்திருந்தது. தான் செய்ததை என் வீட்டுக்காரர் தானாகவே சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சர்க்கரை அப்படி ஏறியதால்தான் கண் மங்கியதாம், இறங்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடுமாம். கண்ணுக்கு மருந்து விட்டு உள்ளே விழித்திரையையும் பார்க்கச் செய்தார். இப்போதைக்குச் சேதம் இல்லை. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

சரி, வந்ததுதான் வந்தோம், உனக்காக நேராகவே கேட்டுவிட்டேன். டயட் சோடா கெடுதலா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கெடுதல்னு சத்தியம் பண்ணவும் மாட்டேன், நல்லதுன்னு சர்டிபிகேட் தரவும் மாட்டேன்" என்றார். அதை நிறையக் குடிப்பவர்களுக்குச் சர்க்கரையும் இதயக் கோளாறும் கூடுதலாக இருப்பதாகச் சில ஆராய்ச்சிகளில் தெரிகிறதாம். ஆனால் சோடாவால் அது வந்ததா, ஏற்கெனவே உடம்பு கெட்டவர்கள்தான் அந்தச் சோடாவுக்குப் போகிறார்களா என்று பிரித்துச் சொல்வது கஷ்டமாம். இனிப்புச் சோடாவுக்குப் பதிலாக ஒரு டம்ளர் என்றால் அவர் சண்டைக்கு வரமாட்டாராம். தண்ணீருக்குப் பதிலாக நாள் முழுக்க என்றால் வருவாராம். பல்லுக்கும் அது நல்லதில்லையாம். பிறகு என் முகத்தைப் பார்த்து, சோடாவில்தான் சர்க்கரை இல்லையே என்று கேக் துண்டை எடுக்கிற பழக்கம் உண்டா என்றார். என் வீட்டுக்காரர் உடனே உண்டு என்றார். இதற்கு மட்டும் வாய் திறக்கத் தெரியும் இவருக்கு. அது கேக் செய்த குற்றம், சோடா செய்த குற்றம் இல்லை. நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஆக, தீர்ப்பு என் பக்கம்தான். பாதியாவது என் பக்கம்.

இனி உன்னிடம் வருகிறேன். எனக்கு உன்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வருகிறது. இத்தனை அழுகையை ஏன் அவரிடம் அழுதாய்? என்னிடம் ஏன் வீடியோ மட்டும் அனுப்பினாய்? உனக்குச் சோடாமேல் ஒரு பகையும் இல்லை. எனக்குத் தெரியாதா? அம்மாவின் காலுக்குக் கட்டுப் போட்டவள் நீ. அவளுக்குக் கண் போன பிறகு, கையைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப் போனவள் நீ. நான் வேலைக்குப் போய்விட்டு வந்து எட்டிப் பார்த்தவள். எல்லாம் முடிந்ததும் அத்தானோடு விமானம் ஏறினாய், அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை நீ மிதிக்கவே இல்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். இப்போது எனக்கும் அதே நோய். என்னை வந்து பார்க்க உனக்குப் பயம். பயமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் சண்டையே போட்டிருக்கமாட்டேனே, அக்கா.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நான் அம்மா இல்லை. காலில் முள் குத்தினாலும் உலகத்துக்கே கேட்கும்படி கத்துகிறவள். சத்தமில்லாமல் போகமாட்டேன்.

உன் வாயாடி,
தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

கம்பெனி டாக்டர் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்தைய வரி வரை படித்தேன். கடைசி வரி சின்ன வயதுக்காரர்களாலேயே முடியாது, அதை விடு. போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். நேற்று ரோலரில் நின்றேன். என் ஜோடி "ம்" என்றாள், நான் "ம்" என்றேன். விரிப்பு நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

விரலில் குத்துகிற மெஷினை எழுப்பிவிட்டேன். காலையில் என் வீட்டுக்காரர்தான் குத்துகிறார். குத்துவதற்கு முன் அவர்தான் கண்ணை மூடிக்கொள்கிறார். இப்போது கடைக்குப் போனால் ஒவ்வொரு பாட்டிலிலும் பின்னால் எழுதியிருப்பதை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு படிக்கிறாராம், கடைக்காரர் சொல்லிச் சிரிக்கிறார். அவரை மன்னித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே. இன்னும் கொஞ்ச நாள் பயப்படட்டும்.

பிளாஸ்க்கில் இப்போது தண்ணீர்தான். அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே, நீ சொன்னதற்காக இல்லை. ரோலர் கண்ணைக் கேட்கிறது, அதற்காக. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் டயட் சோடா இன்னும் உண்டு. அசல், எறும்பு வராதது. அதை விடுவதாக இல்லை.

என் போன கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது என்று அத்தான் செய்தி அனுப்பினார். அன்றிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வீடியோகூட வரவில்லை. அனுப்பாதே என்று நான்தான் சொன்னேன். காலையில் எழுந்ததும் கை தானாகப் போனுக்குப் போகிறது. பொடி டப்பாக்காரரைக்கூடக் காணோம். வீடே வெறிச்சென்று இருக்கிறது. இதற்கு நீ என்னைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம்.

உனக்குப் பயமாக இருந்தால் இருக்கட்டும். பயத்தோடேயே கிளம்பி வா. அம்மா படுத்திருந்த அறையில் இப்போது என் தையல் மெஷினும் துணி மூட்டையும்தான் இருக்கின்றன. பார்த்தால் உனக்கு எரிச்சல்தான் வரும், அழுகை வராது. என் கால் இரண்டையும் நீட்டிக் காட்டுகிறேன், விரல் விரலாகப் பார்த்துக்கொள்.

நீ வருகிற வரை நான் குடித்துக்கொண்டுதான் இருப்பேன். அத்தான் சொன்னாலும் கேட்கமாட்டேன், டாக்டரம்மா சொன்னாலும் கேட்கமாட்டேன். போனில் அழுதாலும், ஊர் முழுக்க இருக்கிற வெள்ளைக் கோட்டுக்காரர்களை வரிசையாக அனுப்பினாலும் என்னிடம் பலிக்காது. நிறுத்த வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருக்கிறது. நீ இங்கே வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை எடுத்து, உன் கையாலேயே சிங்க்கில் கொட்டு.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானையும் பார்த்துக்கொள். சீக்கிரம் வா.

உன் தங்கை