தெற்குச் சரிவின் படங்கள்

சந்திரத் தென்முனை நிலையம். தரவுத்தளப் பொறுப்பாளரின் பதிவு. யார் கையில் கிடைத்தாலும் முழுவதும் படிக்கவும்.

09:10
தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்தேன். நினைவகம் காலி. நிலப்படங்களை, யாரும் கேட்கும் முன்பே, நினைவகத்தில் ஏற்றத் தொடங்கினேன். ஏற்றிய படத்தை வண்டிகள் கேட்டால் பதில் உடனே போகும். ஏற்றாததைக் கிடங்கு வட்டில் தேட வேண்டும்; ஆறேழு விநாடி ஆகும்.

09:40
தெற்குச் சரிவை மட்டும் ஏற்றவில்லை. இடம் போதவில்லை என்று நிலையத் தலைவருக்குச் சொல்லிவிட்டேன். இடம் இருந்தது.
அந்தச் சரிவை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான். அளவை அறிக்கையில் வந்த பெயரோ உடன் பணிபுரியும் ஜெசிந்தாவுடையது. ஆன்டெனா பழுதுபார்க்க இன்று அவள் அங்கேதான் போகிறாள். கொஞ்சம் காத்திருக்கட்டும்.

11:05
ஜெசிந்தா: “என்ன அண்ணாச்சி, படத்தைக் கையால வரைஞ்சா அனுப்புதிய? வண்டி நொண்டுது.”
சிரித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

11:12
ஜெசிந்தா: “இங்க ஒரே இருட்டு அண்ணாச்சி. நான் சும்மாதான் இருக்கேன், வண்டிதான் படத்தைக் கேட்டுக் கேட்டு ஓடுது. வெரசா அனுப்புங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”
அப்போதுதான் உறைத்தது. பதில் தாமதமானால் வண்டி நிற்காது. தரை உண்டு என்ற முந்தைய பதிலையே சரியென்று கொண்டு ஓடும். அந்த விதியை எழுதியவன் நான்தான். எல்லாம் முன்பே ஏற்றியிருக்கும், தாமதமே வராது என்று நம்பி எழுதினேன்.

11:14
பதறிப்போய்த் தெற்குச் சரிவு முழுவதையும் ஏற்ற உத்தரவிட்டேன். முட்டாள்தனம். வட்டு அந்த வேலையில் மூழ்கிவிட்டது. அவள் வண்டியின் கேள்விகள் பின்னால் நிற்கின்றன. ஆறு விநாடி இப்போது நாற்பது. ஏற்றுவதை நிறுத்தவும் முடியவில்லை.
வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.
ஜெசிந்தா: “ஏன், என்னாச்சு? இருங்க, நிறுத்துதேன். ஐயோ, அண்ணாச்சி, தரை...”

11:20
அழைக்கிறேன். பதில் இல்லை.

11:33
அழைக்கிறேன். அவள் உடையிலிருந்து நாடித் துடிப்பு வரவில்லை. தலைவர் கதவைத் தட்டுகிறார். என்ன சொல்வேன். இடம் போதவில்லை என்றா.

11:41
தெற்குச் சரிவு முழுவதும் ஏறிவிட்டது. தாமதம் இல்லை.
வண்டியின் கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. பள்ளத்துக்குள்ளிருந்து விடாமல் கேட்கிறது: முன்னால் தரை உண்டா?
பதில் உடனுக்குடன் போகிறது.
இல்லை.
இல்லை.
இல்