ஆட்டோவில் ஏற மறுத்த தர்ஷினி

காக்ஸ் டவுன், பெங்களூர்
11.8.1998

அன்பு மகன் பிரசன்னாவுக்கு, அம்மா எழுதறது. கர்த்தர் கிருபையில நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டுல நீயும் மருமகளும் என் பேத்தி நான்சியும் சுகமா இருக்கத் தினமும் ஜெபம். அப்பாவுக்கு மூட்டுவலிதான் மழையோட வந்து உட்கார்ந்திருக்கு.

போன்ல உன்கிட்ட அழுதேனே, அது நல்லபடியா முடிஞ்சுது. எதிர்வீட்டு உஷா பொண்ணு தர்ஷினி, ரெண்டாங்கிளாஸ், ஸ்கூல் ஆட்டோவைக் கண்டாலே வாசல் கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அலறுவா. உடம்புல கன்னிப்போன இடத்தைப் பார்த்ததும் உஷாவுக்கு உயிரே இல்லை. பதறிப்போய், ஆட்டோக்கார முனிகிருஷ்ணனா, அவனான்னு உலுக்கினா, பிள்ளை தலையாட்டிச்சு. அவ்வளவுதான், தெருவே அவனை இழுத்துப்போட்டு அடிச்சுது, உங்கப்பா உட்பட! நான்தான் குறுக்கே விழுந்து, தப்பு பண்ணியிருந்தா போலீஸ் இருக்கு, கோர்ட்டு இருக்கு, நீங்க யாருடான்னு கத்தினேன். அவனுக்கு வக்காலத்தான்னு திட்டினாங்க. திட்டட்டும், எனக்கென்ன.

இன்ஸ்பெக்டர் புண்ணியவான், முனிகிருஷ்ணனை ஸ்டேஷன்ல உட்கார வெச்சுட்டு, பிள்ளையை ஒரு டாக்டரம்மாகிட்ட அனுப்பினார். அந்தம்மா யார் பேரையும் எடுக்கலை, என்ன நடந்துச்சு கண்ணுன்னு மட்டும் கேட்டுட்டுப் பொறுமையா இருந்தாங்களாம். அப்பதான் வெளிய வந்துச்சு. ஸ்கூல் விட்டதும் அந்த ஆட்டோ நேரா டியூஷன் வீட்டுல கொண்டு விடும். அங்கே மாஸ்டர், மத்த பிள்ளைங்க போனப்புறம் இவளை மட்டும் நிறுத்தி வெச்சு... எழுதக் கை வரலைப்பா. அந்த வீட்டுக்குப் போகப் பயந்துதான் ஆட்டோவைப் பார்த்து அலறியிருக்கா. அங்கே படிக்கிற இன்னொரு பிள்ளையும் அதையே சொல்லிச்சாம். மாஸ்டரைப் போலீஸ் பிடிச்சாச்சு, முனிகிருஷ்ணனை அனுப்பிட்டாங்க. மாஸ்டரையும் அடிக்கக் கிளம்பின கும்பலை உஷாவே தடுத்தா, கோர்ட்டு கேட்கட்டும்னுட்டா. தர்ஷினி இப்ப சாப்பிடறா, தூங்கறா. அந்த வீட்டுக்கு இனி போகவே வேண்டாமான்னு திரும்பத் திரும்பக் கேட்கறா, பாவம். எனக்கு இப்பதான் மூச்சே வருது.

நான்சி எங்கேயாவது போகமாட்டேன்னா அடம்னு அதட்டாதே. என்னன்னு கேளு, முழுசா நம்பு, ஆனா யார் பேரையும் நீயா எடுத்துக் கொடுக்காதே. நேத்து உஷா நம்ம வீட்டுல உட்கார்ந்து அழுதா. அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல பயந்துதான் பிள்ளை தலையாட்டிச்சு அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லியிருந்தாலும் ஆமான்னுதான் ஆட்டியிருப்பான்னா. அதைக் கேட்டுட்டு அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு முனிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார்.

உங்க மூணு பேரையும் ஆண்டவர் தம் கையில வெச்சுக் காக்கட்டும். ஞாயிறு சர்ச் முடிஞ்சதும் போன் பண்ணு, மறக்காதே.

உன் அம்மா,
ரோஸி தாஸ்