இன்ஜினியர் வீட்டு வேன்

மார்ச் 3

என் எல் போர்டுக்கு,

இங்கே எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே நின்றுபோகாமல் ஓடிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் கேட்டால் ‘ம்’, ‘சரிம்மா’ என்று நழுவிவிடுவாய். அதனால்தான் எழுத்தில் பிடித்துப்போடுகிறேன்.

வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது போதும் என்று டிரைவிங் ஸ்கூலில் எனக்கு விடை கொடுத்துவிட்டார்கள். கேக் வெட்டி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் திணித்தார்கள். வேலைக்குப் போகாதவளுக்குக் கடிகாரம் எதற்கு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கேக்கை நீட்டினார்கள்.

இப்போது வேன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரட்டை வால்கள், நான், அப்பா என்று ஆறு பேர் பழைய காரில் ஏறினால் முறை வைத்துத்தான் மூச்சுவிட வேண்டியிருக்கிறது. சின்னதாக ஒரு குடும்ப வேன் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. உன் கம்பெனி வேன்தான். வேறு எதுவும் நம் வாசலில் நிற்காது. ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறதே. ஒன்றில் சின்ன இன்ஜின். மற்றதில் பெரிய இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். சின்னது பாவம், சொன்னதைக் கேட்கிறது. பெரியது நான் சொல்வதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. பக்கத்தில் இருந்த விற்பனைக்காரர் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “மேடம், கொஞ்சம் மெதுவா” என்றார். என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்வது இதுவே முதல் முறை. வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டு வங்கி மேனேஜர் என்ன வண்டி என்று விசாரித்தார். “எங்க பொண்ணு இன்ஜினியர் சார். அந்த வண்டிக்கு இன்ஜின் பண்றதே அவதான்” என்றேன். மனிதர் தன் கறுப்புக் காரைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டும் உன் கைபட்டதுதான். இருந்தாலும் நீ ஒரு வார்த்தை சொன்னால் முன்பணம் கட்டிவிடுவேன்.

அம்மா


மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். ‘கொஞ்சம் மெதுவா’ வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்து, பக்கத்து மேசைக்காரரிடம் முறைப்பு வாங்கிக்கொண்டேன்.

சின்ன இன்ஜின் வேனையே வாங்கு. நம் தெரு எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். பெரியது வளைந்து திரும்ப இடம் போதாது. அது பெட்ரோலும் நிறையக் குடிக்கும். எல்லாவற்றையும்விட, சின்னதில் கடைசி வரிசை இருக்கைகள் மடங்கித் தரைக்குள் போய்விடும். சாமான் ஏற்ற அவ்வளவு வசதி. பெரியதில் அவற்றை ஆணியடித்த மாதிரி தரையில் பொருத்திவிட்டார்கள், மடக்க முடியாது. பின்சக்கரத்துக்கும் இழுவை கொடுத்ததில் தரைக்கு அடியில் இடமில்லாமல் போய்விட்டது.

அப்பாவையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டேன்.

உன் எல் போர்டு


மார்ச் 25

என் எல் போர்டுக்கு,

வசதி, வசதி, வசதி. உன் கடிதத்தில் வேறு என்ன இருக்கிறது? இன்ஜினைச் செய்தவளே அந்த இன்ஜின் வேண்டாம் என்று சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் நான் ஓட்டியது வண்டி இல்லை, அடுத்தவர்களின் பயத்தை. அவர்கள் காலுக்கு முன்னால் என் கால் பிரேக்கில் இருக்க வேண்டும். மூன்றாவது கியரைத் தொட்டால் அன்றைக்குத் திருவிழா. இப்போதுதான் என் காலுக்கு ஒரு வண்டி கேட்கிறேன். அது பேராசையா? நீயே சொல்.

அப்பா ஷோரூமுக்கு வர மாட்டேன் என்கிறார். வலது கை பேச்சைக் கேட்காமல் போனதிலிருந்து அவர் எங்கேயும் வருவதில்லை. ஊரில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய கை அது. இப்போது பையைத் தூக்கினால் நான் பிடுங்கிக்கொள்கிறேன், கதவைத் திறக்கப் போனால் உன் அண்ணன். “நீங்க இருங்க, நான் பண்றேன்.” எல்லாம் பாசம்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் சுவரோரமாகப் போய் நின்றுகொள்கிறார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

சித்திரை பிறந்ததும் பெரிய இன்ஜினுக்கே முன்பணம் கட்டப்போகிறேன். மேனேஜரிடமும் சொல்லியாகிவிட்டது.

அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

பேராசை இல்லை. உனக்குப் பெரிய இன்ஜின்தான் வேண்டுமென்றால் அதையே வாங்கு. உன்னைவிட நன்றாக அதை ஓட்ட யாரும் இல்லை. நான் முகம் சுளிக்க மாட்டேன்.

ஆனால் நான் இன்ஜின் செய்வதில்லை அம்மா. வேலையில் சேர்ந்த புதிதிலேயே சொன்னேன். “இன்ஜின் இல்லாம என்னடி இன்ஜினியர்?” என்று கேட்டுவிட்டு நீ போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டாய். அதற்குப் பிறகும் சொன்னேன். உன் காதில் அது ஏறவே இல்லை. தெருவெல்லாம் நீ பெருமையாகப் பேசும்போது, அது வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றியது போல எனக்கு இருக்கும்.

என்னுடையது அந்தக் கடைசி வரிசை இருக்கை. அது மடங்குகிறதே, அந்த மூட்டு. மூன்று வருஷமாக அதுதான் என் வேலை.

முதலில் அதற்கு இரண்டு கை தேவைப்பட்டது. ஒரு கையால் கொக்கியை விடுவித்து, மறு கையால் சாய்க்க வேண்டும். ஒரே கையால், அதுவும் இடது கையால் முடிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். “இடது கையால மட்டும் யார் மடக்கப் போறாங்க?” என்று எங்கள் தலைவர் கூட்டத்தில் கேட்டார். “எங்க அப்பா” என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். எத்தனையோ மாதிரிகள் செய்து குப்பையில் போட்ட பிறகு, ஒருநாள் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் மடக்கிக் காட்டினேன். பக்கவாட்டில் ஒரு பட்டை இருக்கும். இரண்டு விரலால் இழுத்தால் போதும்.

இதுதான் நான் செய்தது. இன்ஜின் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் எனக்கு இதில் பெருமை உண்டு. உனக்கும் இதில்தான் பெருமை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உன் எல் போர்டு


மே 9

என் இன்ஜினியருக்கு,

இத்தனை நாள் பதில் இல்லை என்றதும் அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். பாதி சரி. முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். சீட்டா செய்கிறாள் என்று மனசு சுருங்கியது உண்மை. பிறகு அப்பாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ‘எங்க அப்பா’ என்று வந்த இடத்தில், “அதை இன்னொரு தடவை படி” என்றார். படித்தேன். எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, “வா, போலாம்” என்றார்.

ஷோரூமில் அவர் நேராகச் சின்ன வேனின் பின்பக்கம் போனார். விற்பனைக்காரர் ஓடி வந்து, “சார், நீங்க இருங்க, நான் பண்றேன்” என்றார். இப்போது சுவரோரமாகப் போய்விடுவார் என்று நினைத்தேன். அப்பா ஒதுங்கவில்லை. “இது எனக்காகப் பண்ணது. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். இடது கையின் இரண்டு விரலால் பட்டையை இழுத்தார். இருக்கை தலை குனிந்து, மடங்கி, சத்தமில்லாமல் தரைக்குள் போனது. விரித்தார். மறுபடி மடக்கினார். பக்கத்தில் வேறு வண்டி பார்க்க வந்தவர்களைக் கூப்பிட்டு அவர்களுக்கும் காட்டினார். நான் அங்கேயே நின்று அழுதேன். வண்டி பிடிக்கவில்லையோ என்று பயந்து விற்பனைக்காரர் தள்ளுபடி பேச ஆரம்பித்துவிட்டார். நான் கண்ணைத் துடைக்கவில்லை, அவர் விலையில் இறங்கி வரும்வரை.

வாங்குவதற்கு முன் குடும்பம் மொத்தத்தையும் ஏற்றித் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். காலியாக ஓட்டினால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். நடுமேட்டில் முனகியது. இரண்டாவது கியருக்கு இறக்கி, காலை அளந்து வைத்தேன். ஏறிவிட்டது. எத்தனை பேருக்கு மேடு ஏறச் சொல்லிக்கொடுத்தவள் நான். இன்ஜினில் குறைவது ஓட்டுகிறவளிடம் இருக்கிறது. பெரிய இன்ஜின் மேல் ஆசை போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அவ்வப்போது ஷோரூமுக்குப் போய் வாங்குகிறவள் மாதிரி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

வேன் வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் வந்து முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். “இதான் உங்க பொண்ணு பண்ண இன்ஜினா?”

“இன்ஜின் வேற யாரோ பண்ணது சார்.”

“அப்போ உங்க பொண்ணு?”

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் அதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார். தெருவில் இனி பார்க்காதவர்கள் யாரும் மிச்சமில்லை. மேனேஜர் தானும் ஒருமுறை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். இடது கையால் என்றால் சரி என்றார் அப்பா.

நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்தது போக ஓர் இருக்கை மீதம். வால்கள் கெஞ்சினாலும் அப்பா அதை விரிப்பதில்லை.

கீழே கோணல்மாணலாக இருப்பது அவருடைய எழுத்து. கை போன பிறகு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறார். ‘நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்’ என்று வாங்கப் போனேன். தள்ளி நில் என்றார். நின்றேன்.

அம்மா

மூட்டு நல்லா இருக்கு. உன் சீட்டை மடக்கி வச்சிருக்கேன். நீ வா, விரிக்கிறேன்.
அப்பா